பெட்டியில் 9,000, சுவரில் 195: மலிவு புரொஜெக்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

எங்கள் வீட்டுக்கு முதல் புரொஜெக்டர் வந்த அன்று நல்ல மழை. ஹட்டன் டவுனில் வாங்கி, பொலித்தீன் பையில் சுற்றி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தேன். 9,000 லுமன்ஸ், ஃபுல் எச்டி 1080பி, 4கே சப்போர்ட், 200 அங்குலத் திரை என்று பெட்டியின் நான்கு பக்கமும் எழுதியிருந்தது. ராத்திரி எங்கள் லயத்து, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளின், பிள்ளைகள் எல்லாரும் வந்து எங்கள் அறையான காம்பராவில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கிரிக்கெட் ஓடுகிறது, பந்து போவது தெரிகிறது, கீழே ஸ்கோர் இருக்கிற பட்டை மட்டும் ஈரத் தாளில் மையால் எழுதின மாதிரி கசிந்து கிடக்கிறது. "மாமா, எத்தன ரன்?" என்று அக்கா மகன் ஓவருக்கு ஓவர் கேட்டான். கடைசியில் போனில் ஸ்கோரைப் பார்த்து நானே வாசித்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

கொடுத்தது 40,500 ரூபா. 2024 இல் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்தக் கணக்கில் சரியாக முப்பது பேர், தோட்டத்தில் ஒரு நாள் வேலையைத்தான் ஒரு பேர் என்போம். அரைப்பேர் இல்லை, முப்பது முழுப்பேர். அம்மா அட்டைக்கடியோடு முப்பது நாள் கொழுந்து எடுத்தால் வருகிற காசு. அன்றிலிருந்து எந்தச் சாமானையும் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன்.

அதை விற்றுவிட்டு வேறு வாங்கி, அப்புறம் சொந்தக்காரர்களுக்கும் பழகினவர்களுக்கும் ஆறேழு பார்த்து வாங்கிக் கொடுத்ததில் கொஞ்சம் கை பழகிவிட்டது. முதல் தடவை வாங்குகிறவர்கள் எந்த வரிசையில் பார்த்தால் ஏமாறமாட்டார்கள் என்று எழுதுகிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கத்தான் வேண்டுமென்றால் இதை மேற்கொண்டு வாசிக்க வேண்டாம், டிவி வாங்குங்கள். மலிவு புரொஜெக்டர் இருட்டுக்கான சாமான்.

முதலில் டேப்பை எடுங்கள்

கடைக்குப் போகுமுன் வீட்டுச் சுவரை அளக்க வேண்டும். புரொஜெக்டரைப் பிடித்த பிறகு சுவரைத் தேடுகிறவர்கள்தான் அதிகம்.

பழைய லயன் காம்பரா 10க்கு 12 அடி. புது வீட்டுத் திட்டத்து வீடுகளில் ஹோல் இதைவிடக் கொஞ்சம் பெரிது, ஆனால் கதவும் ஜன்னலும் அலுமாரியும் சுவரைத் தின்றுவிடும். அகலத்திரைப் படம் மூலைக்கு மூலை 80 அங்குலம் என்றால் 177 செ.மீ. அகலம், 100 செ.மீ. உயரம். 100 அங்குலம் என்றால் 221க்கு 125. இந்த அளவுக்குச் சுவரில் சோக்கட்டியால் கோடு போட்டுப் பாருங்கள். சாமிப் படமும் சுவர்க் கடிகாரமும் குறுக்கே வருமா என்று அப்போதே தெரிந்துவிடும், வாங்கி வந்த பிறகு சாமிப் படத்தைக் கழற்றச் சொல்லி வீட்டில் சண்டை பிடிக்க வேண்டியதில்லை.

அடுத்தது தூரம். பெட்டியிலோ கையேட்டிலோ த்ரோ ரேஷியோ என்று ஒரு எண் இருக்கும், 1.2 அல்லது 1.35 என்கிற மாதிரி. சுவரில் இருந்து லென்ஸ் வரையான தூரத்தை இந்த எண்ணால் வகுத்தால் படத்தின் அகலம் வரும். 10 அடி என்பது 305 செ.மீ. புரொஜெக்டரும் அதற்குப் பின்னால் வயரும் காற்றும் போக ஒரு 40 செ.மீ. கழியுங்கள், மிச்சம் 265. 1.35 ஆல் வகுத்தால் 196 செ.மீ. அகலம், அதாவது 88 அங்குலம் சொச்சம். அந்தக் காம்பராவில் பெட்டி சொல்கிற 200 அங்குலம் எந்தக் காலத்திலும் வராது. பக்கத்து வீட்டுச் சுவரையும் இடித்தால் வரலாம்.

மலிவு மெஷின்களில் உண்மையான சூம் லென்ஸ் பெரும்பாலும் கிடையாது. ரிமோட்டில் சூம் என்று ஒரு பட்டன் இருக்கும், அது படத்தை பிக்சலோடு சேர்த்துச் சுருக்குகிறது, அவ்வளவுதான். ஆகவே படத்தின் அளவைத் தீர்மானிப்பது மெஷினை வைக்கிற இடம்.

பெட்டியில் இருப்பதை எப்படி வாசிப்பது

இங்கேதான் காசு போகிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

"1080பி சப்போர்ட்" என்றால் 1080பி வீடியோவை அந்த மெஷின் வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் அர்த்தம். வாங்கிக்கொண்டு அதை எத்தனை பிக்சலில் காட்டும் என்பது வேறு கதை. நீங்கள் தேட வேண்டிய சொல் நேட்டிவ் ரெசொலூஷன், அதாவது மெஷின் உண்மையில் காட்டுகிற பிக்சல் கணக்கு. உண்மையான ஃபுல் எச்டி 1920க்கு 1080, கிட்டத்தட்ட 20 இலட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். 1280க்கு 720 என்றால் 9 இலட்சத்து 21 ஆயிரம். என் முதல் மெஷின் 854க்கு 480, வெறும் 4 இலட்சத்து 10 ஆயிரம், ஃபுல் எச்டியில் ஐந்தில் ஒரு பங்கு. 80 அங்குலப் படத்தில் அந்த மெஷினின் ஒரு புள்ளி 2 மில்லிமீற்றருக்கு மேல் வரும். 1080இல் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. பத்தடிக்குள் உட்கார்ந்து பார்க்கிற நமக்கு இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். ஸ்கோர் கரைந்தது அதனால்தான்.

கடைக்காரரிடம் "ஃபுல் எச்டியா?" என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாதான். இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, நேட்டிவ் எவ்வளவு? கையேட்டுல எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?" பக்கத்தைத் தேட ஆரம்பித்தால் பரவாயில்லை. "அதெல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்றால் பிளேன்டியைக் குடித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்தது வெளிச்சம், அதை லுமனில் அளப்பார்கள். வெறும் லுமன்ஸ் என்று போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடலாம், யாரும் எதையும் போடலாம். ஆன்சி லுமன்ஸ் அல்லது ஐஎஸ்ஓ லுமன்ஸ் என்று போட்டிருந்தால் அதற்கு ஒரு அளவு முறை இருக்கிறது: வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு ஒன்பது இடங்களில் வெளிச்சத்தை அளந்து சராசரி எடுப்பார்கள். மேசையில் வைக்கிற சின்ன எல்ஈடி மெஷின்களில் நேர்மையான எண் பெரும்பாலும் சில நூறுக்குள்தான் இருக்கும். 250 ஆன்சி என்று அடக்கமாக எழுதியிருப்பது 12,000 என்று கத்துவதைவிட நல்ல மெஷினாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, எத்தனை லுமன் வேண்டும்? தியேட்டரில் வெள்ளைத் திரைக்கு வைத்திருக்கிற தரம் சதுர மீற்றருக்கு 48 கண்டெலா. சாதாரண வெள்ளைச் சுவரில் அதைக் கொண்டுவர சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 150 லுமன் விழ வேண்டும். 80 அங்குலப் படம் 1.77 சதுர மீற்றர், ஆகவே 265 லுமன். 100 அங்குலம் 2.75 சதுர மீற்றர், 410 லுமன். 60 அங்குலம் ஒரு சதுர மீற்றருக்குள் அடங்கும், 150 போதும். இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டால் எந்தப் பெட்டியும் உங்களை மிரட்ட முடியாது. இதில் பாதி வெளிச்சம் இருந்தாலும் நல்ல இருட்டில் பார்க்கலாம், ஆனால் ராத்திரிக் காட்சிகள் வந்தால் யார் யாரை வெட்டுகிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டி வரும்.

கொண்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம், 10,000க்கு 1 என்றெல்லாம் போட்டிருப்பார்கள். பார்க்கவே வேண்டாம்.

போனை வைத்தே லுமன் அளப்பது

பெரும்பாலான ஆண்ட்ரொய்ட் போன்களில் வெளிச்சத்தை உணர்கிற சென்சர் முன்பக்கத்தில், காதுக்குப் பிடிக்கிற இடத்துக்குக் கிட்ட இருக்கும். லக்ஸ் மீற்றர் என்று தேடினால் இலவச ஆப் கிடைக்கும், லக்ஸ் என்றால் ஒரு சதுர மீற்றரில் விழுகிற லுமன். காம்பராவை இருட்டாக்கி, புரொஜெக்டரில் முழு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு, போனின் முகம் லென்ஸைப் பார்க்கும்படி சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள். படத்தை மூன்றுக்கு மூன்று கட்டமாகப் பிரித்து, ஒன்பது கட்டத்தின் நடுவிலும் வருகிற எண்ணைக் குறித்து, கூட்டி ஒன்பதால் வகுத்து, படத்தின் பரப்பால் பெருக்கினால் லுமன் வந்துவிடும்.

நான் செய்தபோது நடுவில் 160க்குக் கிட்ட வந்தது, கீழ் இடது மூலையில் 70ஐத் தாண்டவில்லை. சராசரி 110. படம் 1.77 சதுர மீற்றர். பெருக்கினால் 195. பெட்டியில் இருந்த 9,000ஐயும் கொப்பியில் எழுதின 195ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அத்தான், "மிச்ச லுமனெல்லாம் பஸ்ஸுல விழுந்திருச்சு போல" என்றார். போன் சென்சர் ஆய்வுகூடக் கருவி இல்லைதான், பத்து இருபது வீதம் முன்பின் இருக்கும். ஆனால் 195ஐ 9,000 ஆக்கும் அளவுக்கு எந்தப் போனும் பிழை விடாது.

இதில் இன்னொரு இலாபமும் உண்டு. நடுவுக்கும் மூலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துவிடும். மூலை நடுவில் பாதிக்கும் கீழே போனால் அந்த லென்ஸும் உள்ளே இருக்கிற கண்ணாடிகளும் மலிவிலும் மலிவு.

கடையில் அரை மணித்தியாலம்

பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்துகொண்டு போங்கள். அதில் முழு வெள்ளைப் படம், முழுக் கறுப்புப் படம், உங்கள் கண்ணுக்குப் பழகின கிரிக்கெட் துண்டு ஒன்று, நிறைய இருட்டு வருகிற காட்சி ஒன்று இருக்கட்டும். இவற்றோடு 1920க்கு 1080 அளவில் ஒரு பிக்சல் கறுப்பு ஒரு பிக்சல் வெள்ளை என்று கோடு கோடாக உள்ள படமும் வேண்டும். முடிந்தால் லெப்டொப்பும் எச்டிஎம்ஐ கேபிளும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

இந்தக் கோட்டுப் படம்தான் பொய்க்கு மருந்து. லெப்டொப்பை 1920க்கு 1080இல் வைத்து, புரொஜெக்டரின் கீஸ்டோன், சூம் இரண்டையும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, சுவருக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். தனித்தனிக் கோடாகத் தெரிந்தால் நேட்டிவ் 1080. சாம்பல் பூசின மாதிரியோ அலை அலையாகப் பட்டை பட்டையாகவோ தெரிந்தால் இல்லை. பேச்சே வேண்டாம், சுவர் சொல்லிவிடும்.

கீஸ்டோன் என்பது சரிந்த படத்தை நேராக்குகிற வசதி. மலிவு மெஷின்களில் அது பிக்சல்களை வெட்டித்தான் நேராக்குகிறது, எவ்வளவு திருத்துகிறீர்களோ அவ்வளவு கூர்மை போகும். தானாகவே சரிசெய்யும் என்பதை விளம்பரத்தில் பெரிதாகக் காட்டுவார்கள். நல்ல வசதிதான், ஆனால் மெஷினை நேராக வைத்து அந்த வசதியைத் தொடாமல் இருப்பதுதான் படத்துக்கு நல்லது.

அப்புறம் போக்கஸ். நடுவில் எழுத்து கூராக வந்ததும் நான்கு மூலைகளையும் பாருங்கள். நடு சரியானால் மூலை மங்கும், மூலையைச் சரிசெய்தால் நடு மங்கும் என்றால் அது கடைசி வரைக்கும் அப்படியேதான். ஒரு சின்ன மங்கலை நான் மன்னித்துவிடுவேன், படம் பார்க்கிறவர் மூலையைப் பார்ப்பதில்லை. ஆனால் சப்டைட்டில் வருகிற கீழ்ப்பக்கம் மங்கினால் மன்னிக்க வேண்டாம்.

மெஷினை நிறுத்தாமல் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓட விடுங்கள். பிளாஸ்டிக் லென்ஸ் சூடேறினால் போக்கஸ் நகரும். கடையில் ஐந்து நிமிடம் காட்டும்போது எல்லாம் பளிச்சென்றுதான் இருக்கும், வீட்டில் படம் பாதிக்கு வரும்போதுதான் மங்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் விசிறிச் சத்தத்தையும் கவனியுங்கள். கறுப்புப் படத்தைப் போட்டு வெள்ளைப் பொட்டு ஏதாவது தெரிகிறதா என்றும் பாருங்கள், உள்ளே தூசி இருந்தால் காட்டிக்கொடுக்கும். ஒளி போகிற பாதை மூடப்பட்டதா, அதாவது தூசி உள்ளே போகாதபடி அடைத்ததா என்று கேளுங்கள். லயத்தில் விறகு அடுப்புப் புகை இருக்கிற வீட்டுக்கு இது ரொம்ப முக்கியம்.

பழைய ஒஃபிஸ் புரொஜெக்டர் பரவாயில்லையா?

பள்ளிக்கூடங்களும் ஒஃபிஸ்களும் கழித்துவிட்ட பழைய புரொஜெக்டர்கள் புது எல்ஈடி மெஷின் விலைக்கோ குறைவாகவோ கிடைக்கும். வெளிச்சம் 2,500, 3,000 லுமன் என்று போட்டிருந்தால் புதிதாக இருந்தபோது அநேகமாக உண்மையாகவே இருந்திருக்கும். கோயில் திருவிழா வீடியோவையோ கல்யாண வீடியோவையோ முற்றத்தில் ஊர் பார்க்கப் போடுகிற ஆளுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் வீட்டில் படம் பார்க்க யோசிக்க வேண்டும். இவற்றில் பல 1024க்கு 768, அகலப் படம் போட்டால் 1024க்கு 576தான் பயன்படும். விளக்கு சில ஆயிரம் மணித்தியாலம் வரும், மெனுவுக்குள் லேம்ப் அவர்ஸ் என்று ஓடின கணக்கு இருக்கும், முதல் வேலையாக அதைத் திறந்து பாருங்கள், ஆனால் அதை ரீசெட் செய்து பூச்சியமாக்கவும் முடியும் என்பதையும் ஞாபகம் வையுங்கள். வெள்ளைப் படத்தில் மஞ்சளாகவோ நீலமாகவோ திட்டு இருந்தால் உள்ளே கருகத் தொடங்கிவிட்டது, தொடாதீர்கள். புது விளக்கின் விலையைக் கேட்டு வாங்குகிற விலையோடு கூட்டிய பிறகுதான் மலிவா இல்லையா என்று பேச வேண்டும். எல்ஈடிக்கு 20,000, 30,000 மணித்தியாலம் என்று சொல்வார்கள். அதில் பாதி வந்தாலே தினம் இரண்டு மணித்தியாலப்படி பத்து வருஷத்துக்கு மேல், அதற்குள் வேறு ஏதாவது பழுதாகியிருக்கும்.

ஆப், டேட்டா, சத்தம்

உள்ளேயே ஆண்ட்ரொய்ட் இருக்கிறது என்பதற்காகக் கூடக் காசு கொடுக்க வேண்டாம். மலிவு மெஷின்களில் நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி ஆப்கள் உரிமம் இல்லாமல் ஓடாது, ஓடினாலும் தரம் குறைத்துத்தான் காட்டும். எச்டிஎம்ஐ துளை ஒழுங்காக வேலை செய்தால் அங்கீகாரம் பெற்ற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றைக் குத்திக்கொள்ளலாம். நெட்ஃப்ளிக்ஸ் சொல்கிற கணக்கிலேயே எச்டி மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை போகும், டேட்டா கார்ட் போடுகிற வீட்டில் இதையும் புரொஜெக்டர் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் 3 வோட், 5 வோட். தகரக் கூரையில் மழை கொட்டும்போது அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. எங்கள் பக்கத்தில் வருஷத்தில் பாதி நாள் மழை. வீட்டில் பழைய பாட்டுச் செட் இருந்தால் வயர் போட்டு இணையுங்கள். புளூடூத்தில் சில சமயம் வாய் அசைந்த பிறகு வசனம் வரும். விசிறிச் சத்தத்தைப் பற்றி யாராவது குறை சொன்னால் மழை வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

நம்ம மலைக்கு வேண்டிய சில விஷயங்கள்

நுவரெலியா டவுன் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, மெல்லிய காற்று சூட்டைக் குறைவாகத்தான் அள்ளிக்கொண்டு போகும். குளிர் ஊர்தானே, மெஷின் சூடாகாது என்று நினைப்பது பாதிதான் சரி. எப்சன் கையேடுகளில் 1,500 மீற்றருக்கு மேல் ஹை ஆல்டிடியூட் மோடைப் போடச் சொல்லியிருக்கிறது, போட்டால் விசிறி வேகமாகச் சுற்றும். நுவரெலியா மாதிரி 1,500க்கு மேலே இருப்பவர்கள் வாங்குமுன் இந்த மோட் மெனுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹட்டனோ பண்டாரவளையோ 1,500க்குக் கீழே, கவலை இல்லை.

மூட்டத்துக்குள் நடந்து வந்து மெஷினை அடுப்புச் சூட்டில் இருக்கிற காம்பராவுக்குள் வைத்த உடனே போடாதீர்கள். லென்ஸில் மூக்குக்கண்ணாடி மாதிரி ஆவி படியும், உள்ளேயும் படியும். ஒரு மணித்தியாலம் சும்மா விடுங்கள். பாவிக்காத நாட்களில் மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள், புதுச் சப்பாத்துப் பெட்டியில் வருகிற பைகளைச் சேர்த்து வைத்தாலே போதும். அலுமாரிக்கு மேலே துணி போர்த்தி வைத்த ஒரு மெஷினின் லென்ஸில் பூஞ்சணம் சிலந்தி வலை மாதிரி படர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன், துடைத்தும் போகவில்லை.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி இடித்தால் ப்ளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. அன்டெனா வயரோ கேபிள் வயரோ செட் டொப் பெட்டி வழியாக புரொஜெக்டருக்கு வந்தால் அதையும் கழற்றுங்கள். கரண்ட் போய்ப் போய் வருகிற லைனாக இருந்தால் விளக்கு வைத்த பழைய மெஷின் வேண்டவே வேண்டாம், அது அணைந்த பிறகும் விசிறி ஓடி ஆற வேண்டும், கரண்ட் போனால் அப்படியே வெந்துபோகும். எல்ஈடிக்கு அந்தப் பயம் குறைவு.

சுவருக்கு மெட் வெள்ளை எமல்ஷன் இரண்டு தடவை அடித்தால் போதும். மினுங்குகிற எனமல் வேண்டாம், நடுவில் லென்ஸின் வெளிச்சப் பொட்டு தெரியும். வேட்டி கட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், வெளிச்சத்தில் நல்ல பங்கு துணிக்குப் பின்னால் போய்விடும், வெளியே இருட்டில் நிற்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தில் இலவசமாகப் படம் தெரியும்.

வாங்கிய பிறகு முதல் கிழமை

திருப்பி எடுப்பார்களா, எத்தனை நாளைக்குள், வொரண்டிக்குக் கடையிலேயே பார்ப்பார்களா, கொழும்புக்கு அனுப்புவார்களா என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது பஸ் ஏறும்வரைக்கும்தான். கொழும்புக்கு அனுப்ப வேண்டுமென்றால் போகிற வருகிற செலவு யாருடையது என்றும் கேளுங்கள், மலிவு மெஷினுக்கு ஒரு தடவை அனுப்பி எடுப்பதே உறைக்கும்.

அந்த முதல் கிழமையில் தினமும் இரண்டு மூன்று மணித்தியாலம் ஓட்டுங்கள். பழுதாகப் போகிறது பெரும்பாலும் அப்போதே தலையைக் காட்டும். லக்ஸ் கணக்கை முதல் நாளே எடுத்து கொப்பியில் எழுதி வையுங்கள், ஆறு மாதம் கழித்து மங்கின மாதிரி இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெட்டியையும் உள்ளே இருக்கிற ரெஜிபோமையும் எறியாதீர்கள், அது இல்லாமல் திருப்பி எடுக்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் முதல் மெஷினின் ரெஜிபோமை அக்கா மகன் மூன்றாம் நாளே பள்ளிக்கூட வேலைக்கு என்று வெட்டி, தேயிலைத் தொழிற்சாலை மாதிரி செய்து கொண்டுபோய்விட்டான். கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.